நாலாவது தந்தியைக் கட்டியவன்

— நிறுத்துங்கோ. கையை எடுங்கோ... முதல்ல தந்தி மேலேர்ந்து கையை எடுங்கோ.

— ஏன் ஸ்யாமளா? சுருதி சேரலையா?

— இந்த நாலாவது தந்தியை யார் கட்டினது?

— நான்தான். அறுந்து போயிருந்துது இல்லையோ... நேத்து சாயங்காலம் விளக்குத்தூண் பக்கத்துல பிடில் கடையில வாங்கிண்டு வந்தேன்.

— கடைக்காரன் கட்டிக் குடுத்தானா?

— இல்லை, நானேதான் கட்டினேன். குட்டிக் கிடார் மாதிரி இருக்கற இந்த உகுலேலேப் பெட்டிக்குத் தந்தி கட்ட எனக்குக் கடைக்காரன் வேணுமா? ஏன் இப்படிப் பார்க்கறே?

— ஒண்ணுமில்லை. அடுப்புல பாலை வெச்சுட்டு வந்தேனோன்னு...

— பாலை அப்பவே இறக்கிட்டே. நான் பார்த்தேன். முகம் ஏன் வெளுத்துப் போச்சு?

— இது தடித் தந்தி.

— ஆமா. நாலாவது இல்லையோ? ஒண்ணு மெல்லிசு, ரெண்டு கொஞ்சம் தடி, மூணு அதைவிடத் தடி. அப்போ நாலு எல்லாத்தையும்விடத் தடியாத்தானே இருக்கணும். வீணை, பிடில் எல்லாம் அப்படித்தானே?

— ஆமா. வீணை, பிடில் எல்லாம் அப்படித்தான்.

— அப்புறம் என்ன?

— மணி என்ன ஆறது?

— ஒன்பதரை இருக்கும். அம்மா கோயிலுக்குக் கிளம்பி அரை மணி ஆச்சே.

— அம்மாவும் அத்தையும் உச்சிகாலம் முடிஞ்சுதான் வருவா. வாடிப்பட்டி பஸ் பத்தரைக்கு வரணும். கரி போட்டு ஓட்டற வண்டி... சமயநல்லூர் மேட்டுல எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொன்னாலும் பதினொண்ணுக்குள்ள அனந்தராமன் மாமா இந்த வாசல்ல நிப்பார்.

— வரட்டுமே. மருமானைப் பார்க்க வரார். பத்து வருஷம் ஆச்சு.

— பார்க்க மட்டும் வரலை. நேத்து வந்த கார்டை நீங்க படிக்கலையா?

— நீதான் படிச்சு, மாமா வரார்னு சொன்னே.

— மீதியைச் சொல்லலை. 'ரங்கூனிலிருந்து நடந்து வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஆண் இல்லாத வீடுகளில் கண்டவனும் நுழைகிற காலம். அக்காவுக்கோ கண்ணில் புரை. பிச்சு என் முன்னால் அந்தக் குட்டிப் பெட்டியை வாசிக்கட்டும், ஸ்யாமளாவும் கூட வாசிக்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்.' இதுதான் மீதி.

— ...மாமாவுக்கு என் மேலயே சந்தேகமா?

— நியாயம்தானே? கல்யாணம் ஆன மூணாம் மாசம் கப்பல் ஏறினேள். எனக்குப் பதிமூணு வயசு, தலை நிமிர்ந்து உங்க முகத்தைப் பார்த்ததில்லை. இந்தத் தெருவுக்கு நாங்க குடிவந்தது நீங்க போனதுக்கு அப்புறம். இப்போ தாடியும் மலேரியாவும் போக மிச்சம் என்ன முகம் இருக்கு உங்களுக்கு?

— அம்மா என் தலையைத் தடவிப் பார்த்து, 'என் குழந்தை'ன்னாளே.

— அம்மா ஒண்ணரை வருஷமா நாய் குரைச்சாலும் பிச்சு வந்துட்டான்னு எழுந்துக்கறா. சரி, அதை விடுங்கோ. நீங்க எழுதி அனுப்பின ஊஞ்சல் பாட்டை எடுங்கோ. நாலு வரிதான். நீங்க ஒத்தை ஒத்தை விரலா மீட்டணும், நான் மொத்தத் தந்தியையும் வீசி வாசிப்பேன். கீழே ஒண்ணு, மேலே ரெண்டு. தகிட, தகிட.

— சரி. ஆரம்பி.

— தகிட... தகிட... கட்டைவிரல் நாலாவதுல விழணும். ஒவ்வொரு 'த'வுக்கும். ஆள்காட்டி ரெண்டாவதுல, நடுவிரல் முதல்ல... உங்க ஆள்காட்டி எங்கே போறது?

— விரல் மரத்துப் போறது. காட்டுல வந்த ஜுரம்...

— நாலாவது தந்தி மணி மாதிரி மேலே கேக்கணும். நீங்க தட்டினா ஊர்கோலத்துத் தவில் மாதிரி இருக்கு.

— உன் பெட்டியும்தான் கரகரன்னு இருக்கு. உள்ளே எதுவோ உரசறாப்ல. நீ வீசினா கேக்கறது.

— பல்லி முட்டை இட்டிருக்கும். என் பெட்டியை விடுங்கோ. உங்களை ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— முப்பத்தேழாம் வருஷம் இந்தப் பெட்டியை எனக்குப் பார்சல்ல அனுப்பினேளே. வர வழியில ஒரு தந்தி அறுந்துடுத்து. இங்கே அதைக் கட்டினது யாருன்னு ஞாபகம் இருக்கோ?

— நான் ரங்கூன்ல இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?

— நான் எழுதினேன். நீங்க பதில் எழுதினேள். நாலு பக்கம்.

— எத்தனையோ கடுதாசி எழுதினேன் ஸ்யாமளா. எல்லாம் ஞாபகம் இருக்குமா?

— இது இருக்கும். நம்மாத்துல யாரும் மறக்கலை. கட்டினது அனந்தராமன் மாமா. நாலாவது தந்தியைத் தடியாக் கட்டினார். ஒண்ணு மெல்லிசு, ரெண்டு கொஞ்சம் தடி, மூணு அதைவிடத் தடின்னு விரல் விட்டு எண்ணிட்டுக் கட்டினார். இப்போ நீங்க எண்ணினேளே, அதே மாதிரி. அதுக்கு ரங்கூன்லேர்ந்து பதில் வந்தது. 'மாமா இதைப் பிடில் என்று நினைத்துவிட்டார். இதில் நாலாவது தந்தி மெல்லிசு. பெரியவர்கள் இருக்கிற இடத்தில் மேலே ஏறி உட்கார்ந்திருந்தாலும் அதன் குரல் குழந்தைக் குரல். நம் ஊர்க்காரன் எவன் கட்டினாலும் இந்தத் தப்பைத்தான் செய்வான், மாமா செய்ததில் ஆச்சரியமில்லை.' அம்மா இதை உரக்கப் படிக்கச் சொன்னா. மாமா எதிரிலேயே படிச்சேன். ஆறு வருஷமா ஒரு கல்யாணம், ஒரு பூணூல்ல அவரை விட்டதில்லை எல்லாரும். 'நாலாவது தந்தி மாமா'ன்னு பேரே வெச்சுட்டா. அந்தக் கடுதாசியை எழுதினவர், நேத்து சாயங்காலம், தன் கையால, தடித் தந்தியாப் பார்த்து வாங்கிண்டு வந்து கட்டியிருக்கார். மாமா உள்ளே வந்ததும் முதல்ல எதைப் பார்ப்பார்னு நினைக்கறேள்?

— ஸ்யாமளா...

— நீங்க யார்?

— நான் சொல்றதைக் கேளு...

— நீங்க யாருன்னு கேட்டேன். சத்தம் போடலை பாருங்கோ. பக்கத்தாத்துக்குக் கேக்காது. மெதுவாச் சொல்லுங்கோ.

— ...நான் அவரு இல்ல தாயி. இம்புட்டு நேரம் இழுத்துப் பிடிச்சுப் பேசுனேன். இனிமே அந்தப் பேச்சு வராது. நான் காளை. எழுமலைக்காரன். ரங்கூன் அரிசி மில்லுல மூட்டை தூக்குனேன். அவரு அங்கன கணக்கு எழுதுனாரு. மாடியில அவரு இருந்தாரு, படிக்கட்டுக்கு அடியில நான் கிடந்தேன். ஏழு வருசம்.

— எழுமலை.

— ஆமா. உசிலம்பட்டிக்கு அங்கிட்டு. எங்கப்பன் இப்பமும் கடலைதான் போடுறாரு. அவரு பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒட்டிக்கிருச்சு. 'காளை, நீ பேசறதைக் கேட்டா எங்க மாமா உனக்குப் பஞ்சாங்கத்தைக் குடுத்துடுவார்'னு சிரிப்பாரு.

— பூணூல்?

— வாசல்ல உங்க மாமியார் என்னையக் கட்டிக்கிட்டு அழுதாக பாருங்க, அன்னைக்குச் சாயங்காலமே கோயில் வாசல் கடையில வாங்கிப் போட்டேன். மூணு நாளா விடியக்காலையில செம்பைக் கையில வச்சுக்கிட்டு ஒதட்டை மட்டும் அசைக்கிறேன்.

— தெரியும். 'உங்காத்துக்காரர் ஜபிக்கறது அவர் காதுக்கே கேக்காது போலிருக்கே'ன்னு பக்கத்தாத்து பாகீரதி மாமி சொன்னா.

— சிரிக்கிறீங்களா?

— இல்லை. நான் எப்படிச் சிரிப்பேன்? ...அவர் எங்கே, காளை?

— போன வருசம் வைகாசி. எல்லையில தாமுங்குற ஊருக்குப் போற பாதையில. மழை பிடிச்சுக்கிருச்சு. ரெண்டு நாள் வாந்திபேதி. மூணாம் நாள் காலையில...

— சொல்லுங்கோ.

— முந்துன நாள் சாயங்காலம் எந்திரிச்சு உக்காந்தாரு. பெட்டியை எடுடான்னாரு. வாசிக்கப் போறாரு, தேறிட்டாருன்னு நினைச்சேன். வாசிக்கல. மேல இருந்த தந்தியக் கழட்டுனாரு. உங்க கடுதாசியெல்லாம் ஒரு கட்டா வச்சிருந்தாரு, அம்புட்டும் மழையில ஊறிப் பிரிஞ்சு கிடந்துச்சு. அந்தத் தந்தியால அதைச் சுத்திக் கட்டுனாரு. நெஞ்சு மேல வச்சுக்கிட்டாரு. அதோடதான் எரிச்சேன்.

— நாலாவது தந்தியாலயா?

— எனக்கு எந்தத் தந்தி எதுன்னு தெரியாதே. ஏழு வருசம் படிக்கட்டுக்கு அடியில கிடந்து கேட்டிருக்கேன், எண்ணிப் பாத்தது இல்ல. அதுக்கப்புறம் மூணு தந்தியோட நடந்தேன். எல்லை தாண்டி ஆஸ்பத்திரியில மாசக்கணக்காப் படுத்துக்கிட்டு மூணு தந்தியிலயே தட்டிப் பழகுனேன். உங்க மாதிரி வீச்சுத்தான் வரும். விரல் வேலை வராது.

— அதனாலதான் நாலாவது தடியாப் போச்சு.

— நம்ம ஊர்க்காரன் எவன் கட்டினாலும்னு எழுதியிருக்காருல்ல. நானும் ஊர்க்காரன்தான. என்னைய வையுங்க தாயி. செருப்பை எடுத்து அடிங்க. நான் ஏமாத்த வரல. பெட்டியைக் குடுத்துட்டு விசயத்தைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். 'இது பிச்சுமணி சாமி வீடுதானா'ன்னு கேக்க வாயைத் தொறந்தேன். நீங்க செம்போட வெளிய வந்தீங்க. பெட்டியைப் பாத்தீங்க. என்னையப் பாத்தீங்க. 'வந்துட்டேளா'ன்னு கேட்டீங்க.

— கேட்டேன்.

— அம்புட்டுத்தான். உள்ளருந்து அந்த அம்மா சுவத்தப் புடிச்சுக்கிட்டே ஓடி வந்துச்சு. அது கையி என் மூஞ்சியில இருக்கையில, உம் பிள்ளை செத்துப்போனான்னு எந்த வாயி சொல்லும்? ராத்திரி சொல்லுவோம்னு இருந்தேன். காலையில சொல்லுவோம்னு இருந்தேன். மூணு நாள் ஆகிப்போச்சு.

— திருப்பரங்குன்றத்து முருகனுக்கு நாப்பத்தெட்டு நாள் விரதம்னு சொல்லிட்டு வெளித் தாழ்வாரத்துல படுத்தேளே...

— பின்ன? வேற எப்படிப் படுப்பேன்? அவரு பொஞ்சாதி நீங்க.

— ம்.

— நான் ஒரு கடுதாசிகூடப் போட்டேன் தாயி. ஆஸ்பத்திரியில தமிழ் தெரிஞ்ச கம்பவுண்டர் ஒருத்தரு. நான் சொல்லச் சொல்ல ஊதாப் பென்சில்ல எழுதுனாரு. அவரு போன விசயம், நான் பெட்டியைக் கொண்டாந்து தாரேங்குறது, எல்லாம். ஆனா அது ஆகஸ்டு கலாட்டா. தபாலாபீசையெல்லாம் எரிச்சாங்களாமே, இங்கிட்டு வந்து சேரல போல. வந்திருந்தா அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டுத் தலை முழுகியிருப்பீக.

— சாவுக் கடுதாசியைக் கிழிச்சுடணும், இல்லையா?

— எங்கூர்ல வாசப்படியத் தாண்டவே விட மாட்டாக. படிச்ச இடத்துலயே கிழிச்சுப்புடணும். வீட்டுல வச்சிருந்தா அடுத்த சாவைக் கூப்புடும்பாக.

— எங்காத்துலயும் அப்படித்தான்.

— நான் கொல்லைப்பக்கமா போறேன். மாமா வாரதுக்குள்ள தெருவைத் தாண்டிருவேன். நீங்களே சொல்லிக்கங்க... எப்படியாச்சும்.

— உட்காருங்கோ.

— தாயி...

— கொல்லைக் கதவு பூட்டியிருக்கு. சாவி என் இடுப்புல. உட்காருங்கோன்னேன். பின்கட்டுல இருக்கற தர்மாம்பா அத்தை, அம்மாவோட கோயிலுக்குப் போனாளே, பார்த்தேளோ?

— மொட்டைத் தலையோட, பழுப்புச் சீலை... பாத்தேன்.

— என்ன வயசு இருக்கும்?

— அறுபதுக்கு மேல.

— நாப்பத்திரெண்டு. பதினாறுல புருஷன் போனார். பத்தாம் நாள் நாவிதனைக் கூட்டிண்டு வந்து கொல்லையில உட்கார வெச்சது அனந்தராமன் மாமா. அத்தை வீணை வாசிப்பா. அந்த வீணை இப்போ வாடிப்பட்டியில மாமாவாத்துல பரண் மேல இருக்கு. அத்தை அதுக்கப்புறம் தந்தின்னு ஒண்ணைத் தொட்டதில்லை. நான் வாசிக்கறச்சே கதவோரமா வந்து நிப்பா. நான் திரும்பினா அரிசி பொறுக்கற மாதிரி குனிஞ்சுப்பா. நீங்க கொல்லை வழியாப் போங்கோ. பதினொரு மணிக்கு மாமா வருவார். விஷயம் வெளியில வரும். பத்தாம் நாள் நானும் அந்தக் கொல்லையில உட்காரணும். எனக்கு இருபத்துமூணு.

— இந்தக் காலத்துலயுமா? எத்தனையோ பேரு இப்ப...

— எத்தனையோ பேராத்துல அனந்தராமன் மாமா இல்லை.

— அப்ப நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க.

— கட்டைவிரலை வைங்கோ.

— என்னது?

— தடித் தந்தியை அவுத்துடுங்கோ. அந்தக் கடுதாசியோட அவர் ரெண்டு மெல்லிசு அனுப்பியிருந்தார், ஒண்ணு மிச்சம் இருக்கு. இந்தாங்கோ. கீழே குதிரைக்கட்டையில முடிச்சுப் போடுங்கோ. நான் தந்தி முறுக்கற பிருடையைத் திருப்பறேன்.

— தாயி, நான் யாருன்னு இப்பத்தான சொன்னேன்...

— கேட்டேன். முடிச்சு இறுக்கமா இல்லை. இன்னொரு சுத்து.

— அவரு செத்துட்டாருன்னு சொன்னேன். உங்க புருசன்.

— அதையும் கேட்டேன். புதுத் தந்தி இறங்கிண்டே இருக்கும். விரலால இழுத்து இழுத்து விடுங்கோ. மாமா எதிர்ல சுருதி இறங்கினா மானம் போயிடும்.

— உங்களுக்கு அழுகை வரலையா?

— அழுதா கண்ணு வீங்கும். வீங்கின கண்ணைப் பார்த்தா மாமா கேள்வி கேப்பார். இழுத்து விடுங்கோ.

— என் கையி நடுங்குது. நீங்க இப்படி இருக்கறதைப் பாத்தா... காட்டுல பொணத்தைப் பாத்தப்பக்கூட எனக்கு இப்படி இல்ல.

— நடுங்கட்டும். ஜுரக் கைன்னு சொல்லிக்கலாம். இதோ பாருங்கோ காளை. நீங்க எனக்குப் புருஷனா இருக்க வேண்டாம். உயிரோட இருந்தாப் போறும்.

— புரியல.

— மாமா எதிர்ல ஒரு பாட்டு. சாப்பாடு. சாயங்காலம், பம்பாய்ல யுத்த ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்குன்னு ரயிலேறிடுங்கோ. மாசம் ஒரு கார்டு. 'க்ஷேமம்'னு ஒரு வார்த்தை, கீழே 'பிச்சுமணி'ன்னு ஒரு கையெழுத்து. வேற ஒண்ணும் வேண்டாம். வரவே வேண்டாம்.

— எம்புட்டு நாளைக்கு?

— அம்மா இருக்கற வரைக்கும். இல்லே, என் தலைமயிர் தானா நரைக்கற வரைக்கும்.

— என் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும்.

— ஜுரக் கை.

— எல்லாத்துக்கும் அந்த ஜுரம்தானா?

— அது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கற நிஜம். வாசிங்கோ. தகிட.

— தகிட... த... வரல தாயி. ஆள்காட்டியும் நடுவிரலும் சேந்தே விழுது. ஒரு மணி நேரத்துல எப்படி வரும்? அவரு வருசக்கணக்காப் பழகுனது.

— பதினஞ்சு நிமிஷம் போச்சு. இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷம்தான்.

— வராது. எனக்கு வீச்சு மட்டுந்தான் வரும். அதை வேணா கண்ணை மூடிக்கிட்டு அடிப்பேன்.

— ...அப்போ மாத்திண்டுடலாம்.

— எதை?

— பங்கை. அவரோட பங்கை நான் மீட்டறேன். என்னோட பங்கை நீங்க வீசுங்கோ. விரல் மரத்துப் போச்சு, அதனால ஆம்படையாளுக்குச் சொல்லிக் குடுத்துட்டார்னு மாமாகிட்டச் சொல்லலாம். சொல்லிக் குடுத்தவர்னா இன்னும் கௌரவம்.

— பெட்டியையும் மாத்தணுமா?

— மாத்தணும். எனக்கு மீட்ட மெல்லிசான புதுத் தந்தி வேணும். மாமா பார்க்க வேண்டிய நாலாவது தந்தியும் என் கையில இருக்கட்டும். நீங்க இதை வெச்சுக்கோங்கோ. மெதுவா... குலுக்காதீங்கோ அதை.

— குலுக்கல. எப்ப நிறுத்தணும், எப்ப அடிக்கணும்?

— மூணு வரி நிறுத்தாம வீசுங்கோ. நாலாவது வரி ஆரம்பத்துல உள்ளங்கையைத் தந்தி மேல வெச்சு அடக்கிடுங்கோ. ஊஞ்சல் உச்சிக்குப் போய் ஒரு நொடி நிக்குமே, அந்த இடம். அங்கே நாலாவது தந்தி மட்டும் தனியாக் கேக்கணும். மூணு தடவை. அப்புறம் நீங்க சேர்ந்துக்கோங்கோ. அவர் அப்படித்தான் எழுதியிருந்தார்.

— சரி. கீழ ஒண்ணு, மேல ரெண்டு.

— தகிட... தகிட... தகிட... ஏன் நிறுத்திட்டேள்? நன்னாத்தானே வந்துது.

— இது... இது அவரு வாசிக்கிறதேதான். படிக்கட்டுக்கு அடியில இருந்து கேட்ட மாதிரியே இருக்கு. ஒரு விரல்கூடப் பிசகல.

— எழுதி அனுப்பினார், பழகினேன். மேலே வாசிங்கோ.

— உங்க பங்கு வீச்சு தானே? அவரு பங்கை நீங்க எதுக்குப் பழகுனீங்க?

— சும்மா. பொழுது போகலை.

— சும்மா பழகுன கையி இல்ல இது. எம்புட்டு நாளாப் பழகுறீங்க?

— பத்து மாசமா. நாழியாறது, வாசிங்கோ.

— அவரு வந்து சேந்து வாசிப்பாருன்னு தானே நீங்க வீச்சுப் பழகுனது? பெறகு எதுக்கு ரெண்டு பங்கையும்...

— மாமா மாதிரி கேள்வி கேக்காதீங்கோ. மூணாவது வரி. தகிட.

— தகிட... இந்தக் கரகரப்புத் தாங்கல. மடியில வச்சு வீசுனா வண்டு அடைச்ச மாதிரி இருக்கு. ஊஞ்சல் நிக்கிற எடத்துல நான் அடக்குனப்புறமும் இது நிக்க மாட்டேங்குது பாருங்க.

— இருக்கட்டும்.

— மாமா காதுல விழாதா? பல்லி முட்டை இல்ல இது. காகிதச் சத்தம். உள்ள பசை விட்டுப்போயி ஒரு ஓரம் துடிக்குது.

— பெட்டி பண்ணினவன் ஒட்டின சீட்டா இருக்கும். விடுங்கோ.

— ஒரு நிமிசம். உங்க கொண்டை ஊசியக் குடுங்க, நெம்பி எடுத்துர்றேன்.

— வேண்டாம்.

— ஊசி வேண்டாம், விரலே எட்டுது... தந்திக்கு இடையில விட்டு...

— காளை, அதை எடுக்காதீங்கோ. சொன்னாக் கேளுங்கோ.

— வந்துருச்சு. சுருட்டி ஒட்டியிருக்கு. ஒரு ஓரம்தான் பசை...

— குடுங்கோ என்கிட்ட. குடுங்கோ.

— ஊதாப் பென்சிலு. இது நான் போட்டது. கம்பவுண்டர் எழுத்து. இந்தா, கீழ என் கைநாட்டு மாதிரி ஒரு கோணக் கையெழுத்து... 'காளை'ன்னு.

— மெதுவாப் பேசுங்கோ.

— இது வந்து சேந்திருக்கு.

— ஆவணி ஏழாம் தேதி. கோலம் போட்டுண்டிருந்தேன். தபால்காரன் என் கையிலதான் குடுத்தான்.

— ஆவணி... அப்ப பத்து மாசமா... மாமியாருக்கு?

— தெரியாது. அத்தைக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

— கிழிக்கல நீங்க.

— கிழிக்கப் போனேன். கிழிச்சா, அழணும். அழுதா, கொல்லையில உட்காரணும். ரவிக்கைக்குள்ள சொருகிண்டு வந்து பாதிக் கோலத்தை முடிச்சேன். நெருப்புல போடலாம்னும் பார்த்தேன். அதுவும் இல்லேன்னா அவர் போனது எனக்கே பொய்யாப் போயிடும்னு தோணித்து. அவரைப் பத்தின நிஜம் ஒண்ணாவது இந்தாத்துல இருக்கட்டும்னு அவர் குடுத்த பெட்டிக்குள்ளேயே ஒட்டினேன். வீசும்போதெல்லாம் கரகரக்கும். எனக்கு மட்டும் அர்த்தம் தெரியும்.

— அதான் அழல நீங்க.

— கிணத்தடியில, தண்ணி சேந்தற சத்தத்துல பத்து மாசம் அழுதாச்சு. இன்னிக்கு மிச்சம் இல்லை.

— அப்ப... அன்னைக்கு நான் வாசப்படியில வந்து நின்னப்ப...

— வாசல்ல செருப்புச் சத்தம். கேக்கறதா? அதைச் சுருட்டி உள்ளே போடுங்கோ. சீக்கிரம்.

— அவரு செத்துட்டாருன்னு தெரிஞ்சுக்கிட்டே என்னையப் பாத்து...

— கதவைத் திறங்கோ. பிச்சு... டேய் பிச்சுமணி. வாடிப்பட்டி மாமா வந்திருக்கேன்டா.

— இதோ வரேன் மாமா. ...தோளை நிமிர்த்துங்கோ. இனிமே 'தாயி' கிடையாது, ஞாபகம் இருக்கட்டும்.

— இதைச் சொல்லிட்டுக் கதவைத் தொறங்க. அவரு செத்துட்டாருன்னு தெரியும். வந்து நிக்கறவன் வேறவன்னும் தெரியும். பெறகு யாரை நினைச்சு 'வந்துட்டேளா'ன்னு கேட்டீங்க?

— பெட்டியைக் கொண்டுவந்து தரேன்னு ஊதாப் பென்சில்ல எழுதியிருந்தது. பத்து மாசமா அந்த வாசலையேதான் பார்த்துண்டிருந்தேன். நான் கேட்டது உங்களைத்தான், காளை.